சூப்பர்வைசரோடு மலை இறங்கிய ஞாயிறு

சனிக்கிழமை ஷிப்ட் முடிகிற நேரம். எங்கள் லைன் சூப்பர்வைசர் என் தோளில் கை போட்டு, “நாளைக்கு இன்னா வேலை உனக்கு? என்னாண்ட இன்னொரு கியர் சைக்கிள் கீது. மலையில ஓட்டலாம், வா” என்றார். மூன்று வருஷத்தில் ஒரு டீ வாங்கித் தராத மனுஷன்! திடீரென்று என்ன கரிசனம்?

அந்த வாரம்தான் கம்பெனியில் சங்கம் அமைக்க ரகசியமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். பெயர் வெளியே தெரிந்தால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்தத் தாள் இருந்தது ஒரகடத்தில் எங்கள் வாடகை அறையில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஆறு பேர் பாய் விரித்துப் படுக்கும் அறை அது. ஐந்து பேர் போட்டாயிற்று. நான் மட்டும் பாக்கி. ஞாயிறு சாயங்காலம் போடுவதாகச் சொல்லியிருந்தேன். வரமாட்டேன் என்றால் அவருக்குச் சந்தேகம் வரும். அறையில் யாரிடமும் சொல்லாமல் காலையில் கிளம்பினேன். இரண்டு சைக்கிளையும் ஏற்றிய காரோடு அவர் மெயின் ரோட்டில் நின்றார்.

சேரப்பணஞ்சேரியைத் தாண்டியதும் குன்றுக்காடு. ஆடு நடந்த தடம்தான் பாதை, ஒரு சைக்கிளுக்கு மேல் இடம் கிடையாது. வேரும் உருட்டுக் கல்லுமாக ஏற்றம் நுரை தள்ளவைத்தது. முள் கையைக் கீறியது. வளைவுக்கு வளைவு அவர் எனக்காகக் காத்து நின்றார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

“உங்க ரூம்ல எத்தினி பேரு?”

“மூணு பேரு சார்.” வாய் கூசாமல் சொன்னேன்.

“எல்லாம் உங்க ஊர்ப் பசங்களா?”

“தெரியாது சார்.”

பக்கத்துப் பாயில் படுப்பவனுக்கு எந்த ஊர் என்று தெரியாதாம்! என் பொய் எனக்கே கேவலமாக இருந்தது. அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இறக்கம் முழுக்கப் பாறை, படிக்கட்டு மாதிரி. “சீட்டுக்குப் பின்னால குந்திக்கோ. முன் பிரேக்கைத் தொட்டுராத. வுட்டா அதுவே எறங்கும்” என்றார். பள்ளத்தில் இறங்கும்போது பிரேக்கைத் தொடாதே என்கிறவனை எவன் நம்புவான்? இரண்டாவது பாறையில் இறுக்கிப் பிடித்தேன். சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. முழங்கால் பிளந்து ரத்தம் கொட்டியது.

“அய்ய, சொன்னேன்ல!” என்று திட்டிக்கொண்டே தன் பனியனைக் கிழித்துக் கட்டுப் போட்டார். என்னைத் தாங்கிப் பிடித்து இறக்கினார், மறுபடி ஏறிப் போய் சைக்கிள்களைக் கொண்டுவந்தார், காரில் வைத்து அறை வாசலில் விட்டார். எப்போது கேட்பார், எப்போது கேட்பார் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தேன். சங்கம் என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நான் காரிலிருந்து இறங்கியதை ஐந்து பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்கள். நொண்டிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

“தாளை எடுங்கல, கையெழுத்துப் போடுதேன்” என்றேன்.

“எந்தத் தாளு?” என்றான் பக்கத்துப் பாய்க்காரன்.

“ஏல, சத்தியமா அந்த ஆளு ஒரு பேருகூடக் கேக்கலல.”

“கேக்காமலே சொல்லிட்டியோ?”

மற்ற நாலு பேரில் ஒருத்தன்கூட அவனைத் தடுக்கவில்லை.