கடைசிப் பெட்டி மாட்டலாமா

மாதவராஜ் என்ற பேரை நான் முதலில் கேட்டது பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில். என் சின்னம்மா மகள் தீர்த்தம்மாள் தக்காளிக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம சுகுணாவுக்கு மாப்பிள்ளை பாத்திருக்குதுக்கா. மாதவராஜ்னு பேரு. கூட்ஸ் வண்டியில கார்டு. கடைசிப் பொட்டியில வேலையாம்."

"ஏன்டி, முன்னாடி பொட்டியில எடம் கெடைக்கலியாமா?"

பஸ் வருகிற வரைக்கும் சிரித்தோம்.

வண்டிக்கு முன்னாடி இருந்தவன், எங்களோடு ஒரே தெருவில் வளர்ந்த சுகுணாவின் அண்ணன் நவநீதன். எஞ்சின் டிரைவர். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்தவனும் அவன்தான்.

கார்டு வேலை என்னவென்று கல்யாணத்துக்கு அப்புறம்தான் எங்களுக்குப் புரிந்தது. நாற்பது ஐம்பது பெட்டிக்குப் பின்னால் ஒரு கூண்டு. அதில் ஒற்றை ஆள். காத்தாடி கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது, பேச்சுத் துணை கிடையாது. மகள் கவிப்பிரியா பிறந்த அன்றைக்கு மாதவராஜின் வண்டி ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் ஒன்பது மணி நேரம் நின்றுவிட்டது. வண்டியை விட்டு கார்டு இறங்கி வர முடியாது. மறுநாள் மத்தியானம்தான் பிள்ளை முகத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து சுகுணா அந்தக் கூண்டுக்கு வைத்த பேர் சக்களத்தி.

அந்தச் சக்களத்தியோடு முப்பத்து நாலு வருஷம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ரிடையர் ஆகி மாரண்டஹள்ளி வீட்டில் வந்து உட்கார்ந்தார். கை சும்மா இருக்கவில்லை. ஓசூரில் வேலை பார்க்கிற கவிப்பிரியா ஒரு பொம்மை எஞ்சினும் தண்டவாளமும் வாங்கிக் கொடுத்தாள். மனுஷன் மாடி ரூமில் பிளைவுட் பலகை போட்டு, தெர்மாகோலில் மலை வைத்து, மலைக்குள் ஒரு குகையும் குடைந்து, வட்டமாகத் தண்டவாளத்தை ஓடவிட்டார். அட்டையில் பதினோரு சரக்குப் பெட்டி செய்தார். ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் செய்தது கார்டு கூண்டுதான். கைப்பிடிக் கம்பி, படிக்கட்டு, இதுதான் கடைசிப் பெட்டி என்று காட்டப் பின்னால் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. எதுவும் விடவில்லை.

சுகுணா அதைப் பார்த்துவிட்டாள்.

"இது வேற எதுக்குங்க? ரிடையர் ஆனீங்களேன்னு நிம்மதியா இருக்கறேன். மறுபடியும் வூட்டுக்குள்ள கொண்டாந்து வெக்கறீங்க."

அவர் கூண்டை பீரோ மேல் எடுத்து வைத்துவிட்டார். அவள் இல்லாத நேரம் எடுத்துத் துடைப்பார், திரும்ப வைப்பார்.

ஓட்டிப் பார்க்கிற அன்றைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நவநீதனும் வந்திருந்தான். மாதவராஜ் மெதுவாகக் கேட்டார்: "மச்சான், கடைசிப் பொட்டி இல்லாம வண்டி மொட்டையா இல்ல?"

"அட போங்க மாப்ள. இப்ப கார்டு பொட்டி இல்லாமயே கூட்ஸ் ஓட ஆரம்பிச்சிருச்சு. கடைசி வேகன்ல ஒரு மெஷினை மாட்டறான், அது எஞ்சினுக்குத் தகவல் சொல்லுது. உங்க வேலைய ஒரு டப்பா பாக்குது!"

சொன்னவன் சிரித்தான். மாதவராஜும் சிரித்தார். ஆனால் அவர் கண் பீரோ மேலே போய் வந்ததை நான் பார்த்தேன். சுகுணாவும் பார்த்தாள்.

வண்டி கிளம்பியது. நவநீதன் ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டான். எஞ்சின் குகைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. எங்களுக்கு போண்டா வந்தது. "எப்படிப் போவுது பாருங்க! எஞ்சின் சரியா இருந்தா எல்லாம் சரி" என்றான் நவநீதன்.

சுகுணா தட்டோடு அப்படியே நின்றாள். வாய்க்குள் எண்ணினாள்.

"அண்ணா, நிறுத்து. மூணு பொட்டி வரல."

"எல்லாம் வருது, நீ சட்னிய ஊத்து."

அவன் வாய் மூடுவதற்குள் எஞ்சின் மறுபடி குகைக்குள் போய், உள்ளே கழன்று நின்றிருந்த தன்னுடைய மூன்று பெட்டிகளையே முட்டிக் கவிழ்ந்தது. மலையும் சாய்ந்தது.

மாதவராஜ் குனிந்து பெட்டிகளைப் பொறுக்கினார். "கடைசிப் பொட்டியோட முதுகப் பாக்காம, வண்டி முழுசா வந்துச்சுன்னு எந்த ஸ்டேஷன்லயும் ஒத்துக்க மாட்டாங்க மச்சான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

சுகுணா பெட்டிகளை எண்ணியது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம். இத்தனை வருஷமும் கூட்ஸ் சத்தம் கேட்டால் வாசல் வேலையை விட்டுவிட்டு கொல்லைக்கு ஓடுவாள். எஞ்சினைப் பார்க்க மாட்டாள். கடைசிக் கூண்டில் பச்சைக் கொடி அசைந்தால்தான் உள்ளே வருவாள். திட்டிக்கொண்டேதான் வருவாள்.

சுகுணா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். பீரோ மேலிருந்து கூண்டை இறக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"மாட்டுங்க."

"உனக்குத்தான் புடிக்காதே."

"இப்பவும் புடிக்கல. அது வந்தாத்தான் எல்லாம் வந்து சேந்துச்சுன்னு அர்த்தம். மாட்டுங்க." கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "உக்கார நாற்காலி வெக்கலியா? முப்பத்து நாலு வருஷம் முதுகு ஒடிஞ்சது போதாதா?"

"கார்டு பொட்டியில மெத்த நாற்காலி ஏதும்மா?"

"இது என் வூட்டு வண்டி. வைங்க. காத்தாடியும் வைங்க."

நவநீதன், "அப்ப எஞ்சினுக்கு ஏசி வெச்சுக் குடு" என்றான். "நீ மொதல்ல பின்னாடி திரும்பிப் பாத்து ஓட்டக் கத்துக்க" என்றாள் அவள்.

மறு வாரம் நான் போனபோது கூண்டில் தீக்குச்சி நாற்காலி இருந்தது. அவளுடைய பழைய ரவிக்கைத் துணியில் நகத்தளவு பச்சைக் கொடியும் இருந்தது.

மாதவராஜ் இப்போது மாரண்டஹள்ளி வீட்டில்தான் இருக்கிறார். முழங்கால் வலி கொஞ்சம் உண்டு. சாயங்காலம் காபி குடித்ததும் சுகுணாவோடு மாடிக்குப் போய் வண்டி ஓட்டுகிறார்.