பாப்பாவுக்குப் பெயர் வைக்க ஒரு கோயில் கட்டினோம்

சித்தாள் வேலையில் ஒரு சுகம் உண்டு: வீட்டில் நாம் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்காத ஆண்கள், சாரத்தில் ஏறிவிட்டால் ஒரு சட்டிக் கலவைக்காக "தாயே, சீக்கிரம்" என்று கெஞ்சுவார்கள். இடுப்பில் பிள்ளையும் தலையில் சட்டியுமாகத் திரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெயரில்லாத பிள்ளை

பூதலூர்ப் பக்கம் எங்கள் ஊர். கழக ஆட்சி வந்த புதிது. அறுப்புக் கூலிக்காகச் சண்டை நடந்த வருஷம் எங்கள் லுத்தரன் கோயிலுக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். மிராசு ஆட்கள் என்று நாங்கள் சொன்னோம், சங்கத்து ஆட்கள் என்று அவர்கள் சொன்னார்கள். கூரை மொத்தமும் எரிந்து உள்ளே விழுந்தது. அடுத்த மாதம் எனக்கு மகள் பிறந்தாள்.

எங்களில் ஞானஸ்நானத்தில்தான் பெயர் வைப்பது. கோயில் நடுவே இடுப்பு உயரக் குட்டைச் சுவர் ஒன்று இருந்தது. முன்பக்கம் மிராசு வீட்டார் நாற்காலிகளும் ஞானஸ்நானக் கல்தொட்டியும். பின்பக்கம் பாயில் நாங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் தொட்டித் தண்ணீரைக் கிண்ணத்தில் மொண்டு சுவரைத் தாண்டிக் கொண்டுவருவார்கள். எனக்கும் அப்படித்தான் பெயர் வந்தது. என் மகளுக்குத் தொட்டியருகில் நின்றுதான் பெயர், அதுவும் இந்தக் கோயிலில்தான் என்று சொல்லிவிட்டேன். தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போய் முடித்துவிடலாம் என்று மாமியார் மன்றாடிப் பார்த்தார். பிள்ளை தவழ்ந்தாள், பல் முளைத்தது, ஊரே பாப்பா என்றது. மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "இவ பாப்பாவாவே கெழவியாகப் போறா, பாத்துக்க."

வந்து இறங்கியவர்கள்

கோயிலைத் திரும்பக் கட்ட வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது என்றதும் நாற்றங்காலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினோம். காரிலிருந்து இறங்கியது கட்டட வேலையை நடத்த வந்த ஜெர்மன்காரர் மார்கரெட் அம்மாவும், டென்மார்க்குத் தச்சர் நீல்ஸ் ஐயாவும். எங்கள் கோயிலின் பழைய வரைபடம் அந்த அம்மா ஊரில் பத்திரமாக இருந்ததாம்! கொத்து வேலைக்கு அதிராம்பட்டினத்திலிருந்து ரஹீம் பாய் மேஸ்திரி வந்தார், தர்கா மினாராக்களுக்குப் பூசிய கை. சுண்ணாம்புக்கு நான். பாப்பாவுக்குப் புங்கமரத்தில் தூளி.

உலகச் சண்டையில் ஜெர்மன் பட்டாளம் டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்தது என்று எங்கள் கோயில் உபதேசியார் சொன்னார். அவருக்குத்தான் இங்கிலீஷ் தெரியும். அப்புறம் எப்படி இவர்கள் ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தாங்கவில்லை. கேட்டுச் சொல்லச் சொன்னேன். நீல்ஸ் ஐயா உத்தரத்தை இழைத்துக்கொண்டே சொன்ன பதில்: "அவங்க பட்டாளம் எங்க வீட்டுக் கதவை ஒடச்சுது. இப்ப அவங்க சொல்ற அளவுக்கு நான் கதவு செய்யறேன். அளவு சரியாத்தான் இருக்கு."

கடுக்காய்ப் பானை

சுண்ணாம்பு இறுகக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் ஊற்றி அரைப்போம். அந்தப் பானைக்குப் பக்கத்திலேயே, வேலையாட்கள் குடிக்கப் பானகப் பானையும் இருக்கும். நான் வெல்லம் தட்டிப் போடுவதைப் பார்த்த நீல்ஸ் ஐயா, தமக்குத்தான் பானகம் தயாராகிறது என்று நினைத்து, நான் தூளியை ஆட்டிவிட்டுத் திரும்புவதற்குள் கடுக்காய்ப் பானையிலிருந்து செம்பு நிறைய மொண்டு குடித்துவிட்டார். கடுக்காய் வயிற்றை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். அன்று பகல் முழுக்க உத்தரம் ஒரு பக்கம், அவர் மூங்கில் தோப்புப் பக்கம்.

சாயங்காலம் வெளிறிப்போய் வந்து உட்கார்ந்தவருக்கு மோர் கொடுத்தோம். ரஹீம் பாய் அவர் தோளைத் தட்டிச் சொன்னார்: "பயப்படாதீங்க ஐயா, இனிமே நூறு வருஷத்துக்கு உங்க வயித்துல விரிசல் விடாது."

வரைபடத்தில் இருந்த சுவர்

ஐப்பசிக்குள் கூரை ஏறியாக வேண்டும். அந்த அவசரத்தில் ஒரு காலை நான் கலவையோடு உள்ளே போகிறேன், இடிந்து கிடந்த குட்டைச் சுவர் முழங்கால் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது! ரஹீம் பாய் மேல் தப்பில்லை. வரைபடத்தில் இருப்பதைக் கட்டினார். இருந்தது இருந்தபடி கட்டுவதுதான் முறை என்று மார்கரெட் அம்மாவும் சொன்னார். சட்டியை இறக்கிவைத்துவிட்டு, கிண்ணத் தண்ணீர் கதையைச் சொன்னேன். மொழிபெயர்க்கும்போது உபதேசியார் குரல் தேய்ந்துபோனது. அந்த அம்மா வரைபடத்தைச் சுருட்டினார். ஊர்க் கமிட்டி முடிவு செய்யட்டும் என்றார். கமிட்டியில் பாதிப் பேர் மிராசு வீடு.

கமிட்டி கோயிலிலேயே கூடிய அன்று காலை மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் பாலம் முங்கிப்போய் செங்கல் வண்டி அக்கரையில் நின்றுவிட்டது. கூரை உட்காரும் மேல்வரிசைக்குக் கல் பற்றவில்லை, அதுவும் முன்பக்கத்தில். நான் வாசலில் நின்று, ஈரம் காயாத குட்டைச் சுவரைப் பிரித்தால் கல் சரியாக வரும் என்றேன். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மிராசு வீட்டு எஸ்தர் அம்மா மட்டும் தன் நாற்காலி போடும் இடத்தையும், மேலே தெரிந்த மேகத்தையும் பார்த்தார். பிறகு குனிந்து முதல் கல்லை அவரே பெயர்த்து என் சட்டியில் வைத்தார். "கொண்டு போ புள்ள. ஒழுகுனா மொதல்ல என் தலையிலதான் ஒழுகும்."

தொட்டியருகில்

சுவர் இருந்த இடத்தில் தரையோடு தரையாக ஒரு வரிசைச் செங்கல் பதிக்கச் சொன்னார் மார்கரெட் அம்மா. இருந்ததை மறைக்கக் கூடாதாம். கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு, புதுத் தேக்கு வாசனைக்கு நடுவே கோயிலில் ஜனம் நிறைந்திருந்தது. ரஹீம் பாய் வாசலில் அத்தர் மணக்க நின்றார். பாப்பா தன்னைத் தூக்க விடவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு அந்தச் செங்கல் வரிசையை மிதித்துத் தாண்டித் தானே தொட்டிவரை நடந்தாள். பிள்ளையின் பெயர் என்ன என்று போதகர் கேட்டார். ஜெயமணி என்று நான் வாயைத் திறப்பதற்குள், கோயில் முழுக்கக் கேட்கும்படி அவளே சொல்லிவிட்டாள்: "பாப்பா."

மூன்று தேசத்துக்காரர்கள் சேர்ந்து எரிந்த கோயிலையே எழுப்பிவிட்டோம், ஆனால் ஜெயமணி என்று அவளைக் கூப்பிடும்படி எங்கள் தெருவை மாற்ற இன்றுவரை எங்களால் முடியவில்லை.