அண்ணி பொறுக்கிய கிளிஞ்சல்கள்

தனபாக்கியம் அண்ணி காலமான செய்தி, போன புதன்கிழமை நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்குத் தொலைபேசியில் வந்தது. பேசியவர் என் அண்ணன். "உன் அண்ணி போயிட்டாடா. பேப்பர்ல போட ரெண்டு வரி எழுதிக் குடு. பொறுமைசாலின்னு போடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். அது பொய். அண்ணியை அறிந்த உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

அண்ணி வேதாரண்யத்தில் கடலோரம் பிறந்தவர். மணமாகி சிங்கப்பூர் வந்தபின் எட்டு வருடம் அவருக்கு உலகம் தேக்கா சந்தையோடு முடிந்தது. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணன் மனமிரங்கி எங்களைப் பேருந்தில் பிடோக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். கடல் வற்றிக் கிடந்தது. அண்ணியும் ஆறு வயது மகள் மல்லிகாவும் குனிந்த தலை நிமிராமல் கிளிஞ்சல் பொறுக்கினார்கள். விரல் விரலாக நீட்டியிருந்த ஒரு சங்கை அண்ணி எடுத்து என்னிடம் காட்டினார். "ஐவிரல் சங்கு, தம்பி. எங்க ஊர்ல இது கிடைச்சா அன்னைக்கு யாரும் வேலை செய்ய மாட்டோம்." அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பொறுக்கிக்கொண்டே ஒரு பெரிய பங்களாவின் முன்னால் வந்துவிட்டோம். ஒரு வெள்ளைக்காரர் நாயோடு இறங்கி வந்து கத்தினார். துறைமுகத்தில் குமாஸ்தாவான அண்ணன், "சாரி சார், சாரி சார்" என்று வளைந்தார்.

"என்ன சொல்றாரு?" என்று அண்ணி என்னைக் கேட்டார்.

"இது அவரு இடமாம். எடுத்தத வச்சிட்டுப் போகணுமாம்."

"வீடு அவருது, சரி. கடல் கொண்டாந்து போட்டதும் அவருதா?"

அண்ணன் அண்ணியின் மடியை உதறி எல்லாவற்றையும் மணலில் கொட்டினார். மல்லிகா அழுதாள். என் கையில் இருந்த நாலு சோழிகளை நானும் கீழே போட்டேன். அண்ணி மட்டும் உட்கார்ந்தார். அந்த மனிதர் பார்த்துக்கொண்டு நிற்க, நாய் குரைக்க, ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அந்த ஆள் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் போனார். அவ்வளவுதான். எங்களை யாரும் ஒன்றும் செய்யவில்லை.

செய்தது அண்ணன். வீட்டுக்கு வந்ததும் அண்ணி குழந்தையைக் குளிப்பாட்டப் போன நேரத்தில் அந்த மூட்டையை எடுத்துச் சாக்கடையில் கொட்டினார். அண்ணி ஒரு மாதம் அவருக்குச் சோறு போட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பின் சாகும்வரை அண்ணியை யாரும் கடற்கரைக்கு அழைத்துப் போகவில்லை. இத்தனைக்கும் அரை மணி நேரப் பேருந்துப் பயணம்.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் அண்ணன், "என் பேச்ச ஒருநாளும் மீறினதில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

கிளிஞ்சல்கள் போன அன்று மாலை, அண்ணி சமையலறை வாசலில் என்னை நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு இங்கிலீசு தெரியாது, தம்பி. நீங்க படிச்சவங்க. அந்த ஆளு பேசினது உங்களுக்குப் புரிஞ்சுச்சு. புரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த பேசல?"

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கேள்விதான். அவர் இருந்தவரை நான் பதில் சொல்லவில்லை.