அப்பாவின் பலகை

இன்று காலை லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவரின் சட்டையில் அடித்த கிரீஸ் வாடை என்னைக் கசார்வாடியில் அப்பா லேத் ஓட்டிய பட்டறைக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே குள்ளமான ஆள் யார் வேலைக்குச் சேர்ந்தாலும் மாலக், அதாவது முதலாளி, அவரை லேத் முன்னால் நிற்கவைத்து, தானே குனிந்து அளவெடுத்து, காலுக்கடியில் போட ஒரு மரப்பலகை அடித்துக் கொடுப்பார். தசராவன்று மெஷின்களுக்குச் சாமந்தி மாலை போட்டதும் என்னை அப்பாவின் பலகையில் ஏற்றிவிட்டு, "உன் அப்பா இங்கேதான் ரிட்டயர் ஆவார்" என்பார்.

மாலக் செத்தார். நிர்வாகம் படித்துவிட்டு வந்த மகன் முதல் வாரமே, "பார்க்கவே அசிங்கமா இருக்கு" என்று பலகைகளையெல்லாம் வெளியே வீசினான். அவன் ஒரு நாளாவது லேத் முன்னால் நின்றிருப்பானா? எக்கி எக்கி வேலை செய்தே அப்பாவுக்குத் தோள்பட்டை போயிற்று, வீட்டுக்கு அனுப்பிவிட்டான். பிறகு பட்டறையை இடித்துக் கண்ணாடிக் கட்டடம் கட்டினான். அதில் ஒரு மாடியில்தான் எனக்கு வேலை.

இன்று மதியம் எங்கள் ஆபீஸில், 'மனிதர்களே முதலில்' என்று விருந்தினராக வந்து ஒரு மணி நேரம் பேசியது அவன்தான். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து கேட்டேன்: "உங்க அப்பா அடிச்சுக் கொடுத்த பலகைகளை எங்கே போட்டீங்க?"

அவன் சிரித்தபடியே கேட்டான்: "எந்தப் பலகை?"