கஸ்தூரி அக்காவின் கிண்ணம்

பொங்கலன்று எதிர் ஃப்ளாட் தோமஸுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனேன். கதவைத் திறந்தவர் என்னையும் கிண்ணத்தையும் பார்த்தார், பிறகு போனைத் தேய்த்துப் பார்த்தார். "நான் எதுவும் ஆர்டர் பண்ணவில்லையே" என்றார். விளக்கிச் சொல்லி வாங்க வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. மறுநாள் கிண்ணம் பளபளவென்று கழுவி என் கதவருகே இருந்தது, காலியாக. அதைப் படமெடுத்துப் போனில் அனுப்பியுமிருந்தார், பார்சல்காரர்கள் அனுப்புவதைப் போல. ஹாம்பர்க்கில் அடுத்த கதவுக்குப் போவதென்றாலும் நடுவில் ஒரு போன் வேண்டும். ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் ஊர் செஞ்சியில் நான் செய்துவைத்தது இதைவிடக் கேவலம்.

அம்மா போன பிறகு நைனா தனியாக இருக்கிறாரே என்று வீட்டு வாசலில் கேமரா மாட்டினேன். இங்கிருந்தே பார்க்கலாம், பேசலாம். ஒருநாள் ஆபீசில் இருக்கும்போது போன் அலறியது. வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்ட ஒரு பெண், கிண்ணம் நிறைய எதையோ எடுத்துக்கொண்டு படியிறங்குகிறாள். "யாரது? இன்னா எடுத்துன்னு போற? வெச்சிட்டுப் போ!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் நிமிர்ந்தாள். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்கா! கிண்ணத்தைப் படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"அது அவ கிண்ணம்டா," என்றார் நைனா போனில். "நேத்து கருவாட்டுக் கொழம்பு குட்த்தா. வெறுங்கிண்ணமா எப்பிடித் தர்றது? நான்தான் மல்லாட்டை போட்டுக் குட்த்தேன்."

ஒரு கிண்ணம் வேர்க்கடலைக்கா அப்படிக் கத்தினேன்? ஐயோ, அறிவு கெட்டவன் நான். வாங்கின கிண்ணத்தை அம்மா ஒருநாளும் வெறுமனே திருப்பியதில்லை. அதைக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தவனே நான்தான். எப்படி மறந்தேன்? அக்காவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல தம்பி," என்றாள். ஆனால் வரவில்லை. அவளைப் பார்த்துத் தெருவில் மற்றவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். கேமராவில் நைனா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். "கழட்டிடுங்க நைனா" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரைப் பார்க்காமல் எப்படி இருப்பது என்ற பயம்.

நேற்று மத்தியானம் திரை முழுக்கச் சிவப்பு. நைனாவின் துண்டு. பதறிப்போய்ச் சத்தத்தைக் கூட்டினேன். படியில் கிண்ணம் வைக்கும் ஓசை கேட்டது.

"பாத்துன்னு இருக்கானா மாமா?" அக்காவின் குரல்.

"மூடிட்டேன். நீ உக்காரும்மா."

அப்புறம் ஏதோ பேசிச் சிரித்தார்கள். அம்மா போன பிறகு நைனா சிரித்து நான் கேட்டதேயில்லை. பட்டனை அழுத்தினால் அக்காவிடம் பேசலாம். பேசினால் எழுந்து போய்விடுவாள். சத்தத்தை அணைத்தேன். திரையை மட்டும் அணைக்க முடியவில்லை. காற்றில் துண்டு விலகும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் படி கொஞ்சம் தெரிந்தது.