பாலைவனத்துக்குப் புறப்பட்டவர்

தொண்ணூறுகளில், யுத்த காலத்தில், இலங்கை மலையகத்தின் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் ஆசிரியர். அங்கே தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு நெருப்புப் போடுகிறவர் அவர். அடைமழையிலும் கறுப்புக் கண்ணாடி போட்டு, தோளில் தண்ணீர்க் கேனோடு திரிவார்.

ஆப்பிரிக்காவில் ஒரு பாலைவனத் தேசியப் பூங்காவுக்குப் போகப்போகிறாராம். வெயில் பழக, வேலை முடிந்த பிறகும் அடுப்பு வாசலில் அரைமணி நேரம் நிற்பார். கால் பழக, சப்பாத்துக்குள் மணல் போட்டு நடப்பார்.

“நீங்க பக்கத்துல இருக்கிற பதுளைக்கே போறதில்லையே?” என்று கேட்டேன்.

“பதுளைக்குப் போனா செக் பாயிண்ட்ல அடையாள அட்டை கேப்பாங்க சார். எனக்கு ஏது? இங்க பாருங்க, படத்துல ஒரு ஆளக் காணோம். யாரு கேக்கப்போறா?”

அவர் நீட்டியது, துரை பங்களாக் குப்பையில் எடுத்த ஆங்கிலப் பத்திரிகைத் தாள். வாசித்துச் சொல்லச் சொன்னார். மணல்மேடுகளைச் சொன்னேன், மான்களைச் சொன்னேன். ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்றதும் கேனைத் தட்டி, “சரியாத்தான் வச்சிருக்கேன்” என்றார்.

கடைசி வரியில், வாசலில் அடையாளப் பத்திரம் காட்ட வேண்டும் என்றிருந்தது.

“அவ்வளவுதான்” என்று தாளை மடித்துக் கொடுத்தேன்.

“பாத்தீங்களா சார், லேசுதான்” என்றவர், கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.