மக்காச்சோளத்தில் நடக்கத் தெரியாதவள்

குழந்தையின் ஆர்வம் எங்கே போகிறதோ பாடமும் அங்கேதான் போக வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னபோது, எல்லோரையும்விட பலமாகத் தலையாட்டியவள் நான். பக்கத்தில் இருந்தவர் புரியவில்லை என்றதும் விளக்கம் வேறு கொடுத்தேன். பெரம்பலூர் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் அங்கன்வாடிக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அட்டையில் யானை செய்ய உட்கார்ந்தேன். இந்த வாரம் யானை என்று நானே முடிவு செய்திருந்தேன்.

எங்களிடம் ஒரு சின்னப் பெண், சேர்ந்த நாள் முதல் வாயே திறக்கவில்லை. வீட்டில் நன்றாகப் பேசுவாளாம்.

"இங்க பேசவே மாட்டேங்குதே டீச்சர். திங்கக்கெழமையிலேர்ந்து டவுன் ஸ்கூல் வேன்ல ஏத்தி விட்டுடலாம்னு இருக்கேன்" என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். அனுப்ப எனக்கு மனசில்லை. அந்தக் குழந்தையை எனக்கு அவ்வளவு பிடிக்கும். கொஞ்சம் ரோஷமும் உண்டு.

வெள்ளிக்கிழமை அட்டை யானையை ஆட்டி, பிளிறியும் காட்டினேன். ஒருவரும் திரும்பவில்லை. எல்லோரும் ஜன்னலில் தொங்கினார்கள். பக்கத்துக் களத்தில் அந்தப் பெண்ணின் வீட்டு மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. கெஞ்சினேன், அதட்டினேன், ஜன்னலைச் சாத்தினேன். ஒன்று அழ, எல்லாம் அழுதன. கடைசியில் கதவைத் திறந்துவிட்டேன். கொள்கையெல்லாம் இல்லை, பிளிறிப் பிளிறித் தொண்டை கட்டிவிட்டது.

பிள்ளைகள் வெறுங்காலோடு சோளத்துக்குள் இறங்கினார்கள். நானும் யானையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன்.

"டீச்சர், செருப்ப கழட்டுங்க."

யார் என்று சுற்றிப் பார்த்தேன். அவளேதான்.

"கால தூக்காதீங்க. தேச்சுக்கிட்டே நடங்க. அப்பதான் அடியில இருக்கறதும் காயும்."

இத்தனை நாள் காத்திருந்து கேட்ட முதல் பேச்சு, எனக்கு விழுந்த திட்டு. ஆனாலும் கண் கலங்கிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தேய்த்து நடந்தேன். அரியலூர் டவுனில் வளர்ந்த கால், சோளத்தில் அது இழுத்த கோடு கோணலாகப் போனது.

"ஐயோ! மொதல்லேர்ந்து வாங்க."

சோளத்தைக் கிளற வந்த அவள் அம்மா, மகள் பேசுவதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக, "வா பாப்பா, வூட்டுக்குப் போவலாம்" என்றார்.

"இரும்மா. டீச்சருக்கு இன்னும் வரல."

அம்மா என் காலைப் பார்த்துச் சிரித்தார். "நெசந்தான். மொதல்ல டீச்சர் கத்துக்கட்டும். வேனப் பத்தி அப்பறம் பாத்துக்கலாம்."

நான் கற்றுக்கொள்ள அவசரப்படவே இல்லை.